தீபாவளிக்கு முன் சிசிரிஸ் பதிவைத் திருத்த வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே தொடங்குங்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள எங்கள் பீடோங்கில் மோட்டார் சைக்கிள் கடைகள் தீபாவளிக் கழிவு (தள்ளுபடி) விளம்பரத் துணியைக் கட்டத் தொடங்கும் வாரமும், கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது என்று பக்கத்து லயத்துக்காரர்கள் கையில் ஒரு தாளோடு என் வீட்டு வாசலுக்கு வரும் வாரமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. நான் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படிவம் நிரப்புவதும் கடிதம் எழுதுவதும் பழகிய கை என்பதால் இந்த வேலை என்னைத் தேடி வருகிறது. வருகிறவர்களில் பலருடைய கடன் அறிக்கையில் இருப்பது உண்மையான நிலுவை. ஆனால் சிலருடையதில் இருப்பது பிழை, அதுவும் இரண்டு மாதங்களுக்கு முன்பே கவனித்திருந்தால் எளிதில் திருத்தியிருக்கக்கூடிய பிழை. பிழையைத் திருத்துவது எப்படி என்பது பலருக்கும் ஓரளவு தெரிந்திருக்கிறது. எப்போது தொடங்க வேண்டும் என்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் நாள்கணக்கைத்தான் பெரும்பாலும் எழுதுகிறேன்.

முதலில் எந்த அறிக்கை எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தவறான கதவைத் தட்டுவதிலேயே பலருக்கு ஒரு மாதம் போய்விடுகிறது. சிசிரிஸ் என்பது மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2001ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் கடன் தகவல் முறை. வங்கிகளும் அதில் பங்குபெறும் நிதி நிறுவனங்களும் தங்கள் வாடிக்கையாளர்களின் கடன் நிலவரத்தை அதற்கு அனுப்புகின்றன. சிடிஓஎஸ், எக்ஸ்பீரியன் போன்றவை 2010ஆம் ஆண்டின் கடன் அறிக்கை முகமைச் சட்டமான சட்டம் 710இன் கீழ் இயங்கும் தனியார் நிறுவனங்கள்; அவை நீதிமன்ற வழக்கு, திவால் அறிவிப்பு, கம்பெனிப் பதிவு, கடன் கொடுத்த வணிகர்கள் தந்த தகவல் ஆகியவற்றைச் சேர்த்து, சிசிரிஸ் விவரத்தையும் இணைத்து ஓர் அறிக்கையாகத் தருகின்றன. சிடிஓஎஸ் தாளில் வங்கிக் கடன் பகுதி தவறாக இருந்தால் சிடிஓஎஸிடம் போவதில் பயனில்லை. அது பேங்க் நெகாராவிலிருந்து வந்த பகுதி. பேங்க் நெகாராவும் தானாக அதை மாற்றாது, ஏனென்றால் தகவலைக் கொடுத்தது வங்கி. கடன் கொடுத்த வங்கியோ நிதி நிறுவனமோதான் அதைத் திருத்தி அனுப்ப வேண்டும். பேங்க் நெகாராவும் சரி, சிடிஓஎஸும் சரி, யாரையும் ‘பிளேக்லிஸ்ட்’ செய்வதில்லை. கடன் கொடுப்பதா இல்லையா என்பது விண்ணப்பத்தைப் பார்க்கும் வங்கியின் முடிவு.

அறிக்கையைப் படிக்கும் முறை

சிசிரிஸ் அறிக்கையை இ-சிசிரிஸ் இணையத்தளத்தில் அடையாள அட்டையையும் கைப்பேசியையும் வைத்துப் பதிவு செய்து இலவசமாகவே பெறலாம். இணையம் கைவராதவர்கள் 1-300-88-5465 என்ற பேங்க் நெகாரா எண்ணில் கேட்கலாம். பதிவிறக்கிய தாளை எழுதுபொருள் கடையில் அச்சிட்டுக்கொண்டு, ஒரு பென்சிலோடு உட்காருங்கள். கைப்பேசித் திரையில் அந்த அட்டவணையைப் படிப்பது கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் வேலை.

ஒவ்வொரு கடனுக்கும் எதிரே பன்னிரண்டு சிறு கட்டங்கள் இருக்கும். கடந்த 12 மாதங்களில் தவணை எப்படிக் கட்டப்பட்டது என்பதை அவை காட்டுகின்றன. அண்மைய மாதம் இடப்பக்கத்தில் வரும். மேலே மாதங்களின் ஆங்கில முதலெழுத்துகள் மட்டும் இருப்பதால், ஜூலைக்கும் ஜூனுக்கும் ஒரே எழுத்தாகவும், மார்ச்சுக்கும் மேக்கும் ஒரே எழுத்தாகவும் வந்து குழப்பும். ஆகவே இடப்பக்க முனையிலிருந்து மாதப் பெயரைத் தமிழில் எழுதிக்கொண்டே போங்கள். கட்டத்தில் 0 என்றால் நிலுவை இல்லை, 1 என்றால் ஒரு மாத நிலுவை, 2 என்றால் இரண்டு மாதம், இப்படியே ஏறும். 3 வந்துவிட்டால் வங்கிக்காரர்கள் அதை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்குவார்கள்.

2023இல் என்னுடைய தாளில் நானே கண்ட வரிசையைச் சொல்கிறேன். வலப்பக்கத்தில் ஆறு சுழியங்கள். அங்கிருந்து இடப்பக்கம் நோக்கி 1, 2, 3, 4, 5, 6. பழைய மோட்டார் கடன் ஒன்றை அந்த ஆண்டு மார்ச் மாதமே கட்டி முடித்திருந்தேன், முடித்ததற்கான கடிதமும் மேசை இழுப்பறையில் இருந்தது. ஆனால் அந்த நிதி நிறுவனத்தின் கணக்கில் 23 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு குறையாக நின்றிருக்கிறது. அந்தக் குறை ஏப்ரலில் 1 ஆகவும் மேயில் 2 ஆகவும் ஏறி, செப்டம்பர் முடிவில் 6 ஆகிவிட்டது. மகள் கூலிம் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போய்வர ஒரு வண்டி வாங்கலாம் என்று நவம்பர் தொடக்கத்தில் விண்ணப்பித்தபோதுதான் அது தெரிந்தது. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12ஆம் தேதி. பிறகு நடந்ததைக் கீழே சொல்கிறேன்.

இப்படி ஒரே சீராக ஏறிக்கொண்டே போகும் வரிசையைப் பார்த்தால் பிழையாக இருக்க வாய்ப்பு உண்டு என்று நான் நினைப்பேன். முடிந்த கடனை யாரோ மூட மறந்திருப்பார்கள். உண்மையாகவே கஷ்டப்பட்டுக் கட்டியவரின் வரிசை மேலும் கீழுமாக, 1, 0, 2, 1 என்று இருக்கும். இது விதி அல்ல, தாள்களைப் பார்த்துப் பழகிய பழக்கம். வேறு சில பிழைகளையும் தேட வேண்டும்: நீங்கள் வாங்காத கடன், கட்டி முடித்தும் மறையாத கடன், தவணைத் தொகை மாறியிருப்பது, நீங்கள் போடாத விண்ணப்பம். சிடிஓஎஸ் தாளில் வழக்குப் பகுதியைத் தனியாகப் பாருங்கள். நம்மில் முருகன், லட்சுமி, சுப்பிரமணியம் என்ற பெயர்கள் எத்தனை பேருக்கு இருக்கின்றன. பெயர் ஒன்றாக இருந்து அடையாள அட்டை எண் வேறாக இருக்கும் ஒருவருடைய வழக்கு உங்கள் தாளில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று எண்ணை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள், பழைய அடையாள அட்டை எண்ணையும் சேர்த்து.

நாள்களை அல்ல, சுற்றுகளை எண்ணுங்கள்

இந்த விஷயத்தின் மையம் இதுதான். சிசிரிஸில் தகவல் நாளுக்கு நாள் மாறுவதில்லை. ஒரு மாதம் முடிந்த நிலவரத்தை நிதி நிறுவனங்கள் அடுத்த மாதத்தில் அனுப்புகின்றன. அது அறிக்கையில் ஏறுவது அந்த அடுத்த மாதத்தின் நடுப்பகுதியை ஒட்டித்தான். செப்டம்பர் 30ஆம் தேதி நிலவரம் அக்டோபர் நடுவில் கண்ணில் படும். அக்டோபர் 2ஆம் தேதி வங்கி தன் கணக்கைச் சரிசெய்தால், வழக்கமான ஓட்டத்தில் அது நவம்பர் நடுவில்தான் தெரியவரும். இரண்டே நாள் வித்தியாசம், விளைவில் ஒரு முழு மாதம். ஆகவே ‘இன்னும் முப்பது நாள் இருக்கிறதே’ என்று எண்ணாமல், ‘இன்னும் எத்தனை சுற்று இருக்கிறது’ என்று எண்ண வேண்டும். திருத்தத்தைத் தனியாக, மாதக் கணக்குக்குக் காத்திராமல் அனுப்ப முடியுமா என்று அதிகாரியிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அதை நம்பி வண்டிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

இந்தக் கணக்கை 2026ஆம் ஆண்டுத் தீபாவளிக்குப் போட்டுப் பார்ப்போம். தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வண்டியோ வீட்டுச் சாமானோ அதற்கு முன் கைக்கு வர வேண்டுமென்றால் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் விண்ணப்பம் போக வேண்டும். அந்த நேரத்தில் வங்கி பார்ப்பது அக்டோபர் நடுவில் ஏறிய செப்டம்பர் நிலவரம். ஆகவே பிழை செப்டம்பர் 30க்குள் திருந்தியிருக்க வேண்டும். எளிய புகாருக்கு 14 நாள், விசாரணை தேவைப்படும் புகாருக்கு 30 நாள் என்பது வங்கிகள் பின்பற்றிவரும் கணக்கு. எப்போதும் 30ஐயே வைத்துக்கொள்ளுங்கள். அதோடு இடையில் ஒரு தாள் குறைகிறது என்று அவர்கள் திருப்பி அனுப்பும் ஒரு வாரத்தையும் சேருங்கள். அப்படியானால் ஆட்சேபக் கடிதம் ஆகஸ்ட் 20ஆம் தேதி வியாழக்கிழமைக்குள் கையில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு ஆதாரமாக, ஆகஸ்ட் நடுவில் ஏறும் ஜூலை நிலவரத்தை ஆகஸ்ட் 16, 17 வாக்கில் பதிவிறக்கிப் பார்த்திருக்க வேண்டும். இடையிலும் விடுமுறை இல்லாமல் இல்லை: ஆகஸ்ட் 31 தேசிய தினம் திங்கட்கிழமை, செப்டம்பர் 16 மலேசிய தினம் புதன்கிழமை.

ஆகஸ்டில் தீபாவளியா என்று சிரிப்பார்கள். என் மனைவியும் சிரித்தாள். ஆனால் முறுக்கு மாவு அரைக்கும் வாரத்தில் வங்கிக்குக் கடிதம் எழுதியவனுக்குத்தான் அந்தச் சிரிப்பின் விலை தெரியும்.

கெடாக்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் சங்கடம்

நம் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். சுங்கை பட்டாணியில் உள்ள கிளை ஞாயிறு முதல் வியாழன் வரை திறந்திருக்கும். ஆனால் கடன் கணக்கைத் திருத்தும் பிரிவு பெரும்பாலும் கோலாலம்பூரில் அல்லது அதன் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. அவர்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. ஆக, இரு பக்கமும் ஒரே நேரத்தில் நாற்காலியில் இருக்கும் நாள்கள் திங்கள் முதல் வியாழன் வரை நான்கே நான்கு. ஞாயிற்றுக்கிழமை கிளைக்குப் போய்க் கடிதம் கொடுத்தால் முத்திரை குத்தித் தருவார்கள், ஆனால் அன்று யாரும் யாரையும் தொலைபேசியில் பிடிக்க முடியாது. வியாழன் பிற்பகலில் கொடுத்தால் கிளைக்காரர் அதை மேலே அனுப்புவது அடுத்த ஞாயிறாகக்கூட இருக்கலாம். திங்கள் அல்லது செவ்வாய் காலையில் போவதே நல்லது என்பது என் அனுபவம்.

பண்டிகை வாரத்தில் இது இன்னும் இறுகிவிடுகிறது. 2026இல் நவம்பர் 6 வெள்ளி, 7 சனி என நமக்கு வார விடுமுறை. 8 ஞாயிறு தீபாவளி. ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரில் வார விடுமுறை என்பதால் அங்கே 9ஆம் தேதி திங்கள் பதில் விடுமுறை. நமக்கோ ஞாயிறு வேலை நாள் என்பதால் பண்டிகை விடுமுறை அன்றோடு முடிந்து, திங்கள் கிளை திறந்துவிடும். ஆகவே இரு பக்கமும் சேர்ந்து இயங்குவது 5ஆம் தேதி வியாழனுக்குப் பிறகு 10ஆம் தேதி செவ்வாய்தான்.

2023இலும் தீபாவளி ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது; இதே வலையில்தான் நான் மாட்டிக்கொண்டேன். வியாழக்கிழமை கிளை அதிகாரி ‘திங்கட்கிழமை பதில் வரும், அங்கிள்’ என்றார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் மூன்று முறை எண்ணைச் சுழற்றினார். மூன்று முறையும் அலுவலகம் விடுமுறையில் இருப்பதாகப் பதிவு செய்த குரல் பதில் சொன்னது. அந்தப் பெண் அதிகாரி நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘ஐயோ, அங்கே இன்றைக்கு லீவு’ என்று தலையில் கைவைத்தார். அவர்மேல் குற்றமில்லை. நானும் நாள்காட்டி பார்க்கத் தெரிந்தவன்தான். என் திருத்தம் நவம்பர் மாதக் கணக்கில் சேர்ந்து, டிசம்பர் நடுவில்தான் அறிக்கையில் தெரிந்தது. மகள் ஆறு வாரம் தோழியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனாள்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

கடிதத்தை மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கோபத்தையும் குடும்பக் கதையையும் விட்டுவிடுங்கள். திருத்தும் பிரிவில் இருப்பவர் தேடுவது நான்கே செய்திகளை. கணக்கு எண் என்ன. அறிக்கையில் எந்த மாதத்தில் எந்த எண் காட்டுகிறது. அது ஏன் தவறு. சரியானது எதுவாக இருக்க வேண்டும். உதாரணமாக, ‘ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 1 முதல் 6 வரை காட்டுகிறது, மார்ச் 14ஆம் தேதி கடன் முழுவதும் கட்டி முடிக்கப்பட்டது, முடித்த கடிதமும் ரசீதும் இணைக்கப்பட்டுள்ளன, இந்த ஆறு மாதங்களையும் திருத்திக் கணக்கை மூடும்படி கேட்டுக்கொள்கிறேன்’ என்ற அளவில் போதும். ஆறு மாதத்தையும் பெயர் சொல்லிக் கேட்பது முக்கியம். ‘கணக்கைச் சரிசெய்யவும்’ என்று மட்டும் எழுதினால், இந்த மாத நிலுவையை நீக்கிவிட்டுப் பழைய எண்களை அப்படியே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடையாள அட்டையின் நகல், பிழையை வட்டமிட்ட அறிக்கைத் தாள், ரசீது, கடன் முடித்த கடிதம் ஆகியவற்றை இணைத்து இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்ட தேதியோடு முத்திரை வாங்குங்கள். மின்னஞ்சலில் அனுப்பினாலும் புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, அதைத் தாளின் தலையில் எழுதிவையுங்கள். பண்டிகை நெருக்கத்தில் அதிகாரி விடுமுறையில் போய் இன்னொருவர் அந்த மேசைக்கு வருவார். அவரிடம் உங்கள் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டிய நிலை வராமல் காப்பது அந்த எண்தான்.

பணம் கட்டிய ரசீது மங்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம். இயந்திரத்தில் பணம் போட்டதற்கான வழுவழுப்பான தாள், ஒரு வருடம் சமையலறை மேலடுக்கில் இருந்தால் வெள்ளைத் தாளாகிவிடும். போட்ட அன்றே கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள்.

சிடிஓஎஸ் பக்கம் வேலை சற்று வேறு. அங்கே ஆட்சேபம் எழுப்பினால், அவர்கள் தகவல் கொடுத்த மூலத்திடம் கேட்டுச் சரிபார்ப்பார்கள். முடிந்துபோன வழக்கு என்றால் எதிர்த் தரப்பு வழக்கறிஞரின் கடிதமோ நீதிமன்ற ஆவணமோ வேண்டும். வழக்கறிஞர் அலுவலகங்கள் பண்டிகைக்கு முன்னும் பின்னும் மூடிக்கிடக்கும் என்பதால், கடிதம் கேட்பதை எல்லாவற்றுக்கும் முதலில் செய்யுங்கள். வேறொருவரின் வழக்கு என்றால் அடையாள அட்டை எண்ணே சான்று, அது எளிது.

காலம் கடந்துவிட்டால்

செப்டம்பர் முடிந்துவிட்டது, பிழை இன்னும் இருக்கிறது என்றால் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, திருத்தம் அறிக்கையில் ஏறும்வரை காத்திராமல், பழைய வங்கியிடமிருந்து ‘இந்தக் கணக்கு இன்ன தேதியில் முடிந்தது, பதிவைத் திருத்துகிறோம்’ என்ற கடிதத்தை வாங்கிப் புதிய விண்ணப்பத்தோடு இணைப்பது. ஏற்பதும் ஏற்காததும் புதிய வங்கியின் விருப்பம், ஆனால் கடிதம் உள்ளவரையும் இல்லாதவரையும் அவர்கள் ஒன்றாகப் பார்ப்பதில்லை. இரண்டாவது, வாங்குவதைத் தள்ளிப்போடுவது. எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. தீபாவளிக் கழிவு போனால் ஆண்டு இறுதிக் கழிவு வரும், அதற்குப் பின் சீனப் புத்தாண்டுக் கழிவு வரும். கடைக்காரர்கள் துணியை மாற்றிக் கட்டுவார்கள், வண்டி அதே வண்டிதான்.

செய்யவே கூடாத ஒன்று, ஒரு வங்கி மறுத்த கோபத்தில் அதே வாரம் நான்கு இடங்களில் விண்ணப்பிப்பது. பரிசீலனையில் இருக்கும் விண்ணப்பங்களும் ஏற்கப்பட்ட விண்ணப்பங்களும் சிசிரிஸில் தெரியும். மறுக்கப்பட்டவை தெரிவதில்லை. ஆனால் ஒரே நேரத்தில் நான்கு விண்ணப்பம் நிற்பதைப் பார்க்கும் அதிகாரி, இவருக்கு என்ன அவசரம் என்று யோசிக்கத்தான் செய்வார். ஆட்சேபம் நிலுவையில் இருக்கும்போது புதிதாக எதையும் விண்ணப்பிக்காமல் இருப்பதே நல்லது.

ஆண்டு இறுதிக்கும் இதே கணக்குத்தான், ஆனால் இன்னும் இறுக்கமாக. 2026 முதல் பள்ளித் தவணை மறுபடியும் ஜனவரியில் தொடங்குவதால், சீருடைக்கும் புத்தகப் பைக்கும் ஜனவரியில் பணம் தேவைப்படும் குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. ஜனவரி நடுவில் சுத்தமான அறிக்கை வேண்டுமென்றால் டிசம்பர் 31க்குள் பிழை திருந்த வேண்டும். டிசம்பர் கடைசி இரண்டு வாரங்களில் தலைமை அலுவலக அதிகாரிகள் ஆண்டு விடுமுறையைத் தீர்க்கப் போய்விடுவதால், கடிதம் நவம்பர் 19ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புகளின் நடுவே இதற்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குவது கடினம்தான். 2027இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6ஆம் தேதி வருகிறது. அதை அடுத்தாற்போல நோன்பு மாதமும் தொடங்கிவிடும். ஜனவரியில் கடிதம் கொடுத்தவர் மார்ச் வரை காத்திருக்க நேரலாம்.

விடுமுறையே பிழையை உண்டாக்கும் விதம்

சில சமயம் விடுமுறை திருத்தத்தைத் தாமதப்படுத்துவதோடு நிற்பதில்லை, புதிய பிழையையும் உண்டாக்கிவிடுகிறது. 2026 டிசம்பர் 31 வியாழக்கிழமை. அன்று மாலை வேலை முடிந்து வந்து, சாதாரண வங்கிகளுக்கிடையேயான ‘ஜைரோ’ வழியாகத் தவணை அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். ஜனவரி 1 கெடாவில் புத்தாண்டு பொது விடுமுறை இல்லை, ஆனால் அன்று வெள்ளி, நமக்கு எப்படியும் விடுமுறை. கோலாலம்பூருக்கோ அது பொது விடுமுறை. பிறகு சனி, ஞாயிறு. பணம் கடன் கணக்கில் ஏறுவது ஜனவரி 4ஆம் தேதி திங்களாக இருக்கும். டிசம்பர் முடிவு நிலவரத்தில் அந்தத் தவணை கட்டாததாகவே தெரியும். கட்டணம் செலுத்தும் ‘ஜோம்பே’ சேவை வழியிலும் கட்டணம் மறு வேலை நாளில்தான் போய்ச் சேரும். உடனடிப் பணமாற்றுச் சேவையான ‘டுயிட்நவ்’ வழியில் பணம் உடனே போய்ச் சேரும், ஆனால் கடன் கணக்கு எண்ணுக்கு அது செல்லுமா என்று முன்பே ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். மாதத்தின் கடைசி வாரம் பண்டிகையோடு மோதினால், 20ஆம் தேதியிலேயே கட்டிவிடுவது எல்லாச் சிக்கலையும் தவிர்க்கும். தோட்டத்தில் சம்பளம் வருவது மாதத் தொடக்கத்தில் என்பதால், கையில் காசு இருக்கும் முதல் வாரத்திலேயே அடுத்த தவணையைக் கட்டும் வழக்கத்துக்கு மாறிய இரண்டு குடும்பங்கள் எனக்குத் தெரியும். அவர்கள் தாளில் அதன் பிறகு சுழியம் தவிர வேறு எண்ணே இல்லை.

பிழை இல்லாதபோது

தாளில் இருப்பது உண்மை என்றால் ஆட்சேபம் எழுப்ப வேண்டாம். சென்ற தீபாவளிக்குச் செலவு கைமீறி இரண்டு தவணை விட்டுப்போயிருந்தால், அது 12 மாதம் முடிந்து கட்டங்களிலிருந்து தானாக நகர்ந்துபோகும்வரை இருக்கும். நிலுவையை அடைத்துவிட்டு, அதன் பின் வரிசையாகச் சுழியங்களைச் சேர்ப்பதுதான் வழி. கட்ட முடியாத நிலை என்றால் 2006இல் பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகே இலவசமாக ஆலோசனை சொல்லும், தவணையை மாற்றி அமைக்கவும் உதவும். அதன் எண் 03-2616 7766.

பண்டிகைக்கு முன் விளக்குக் கம்பங்களிலும் வாட்ஸ்அப்பிலும் ‘சிசிரிஸ், சிடிஓஎஸ் கிளியர் செய்து தருகிறோம்’ என்ற விளம்பரங்கள் முளைக்கும். சரியான பதிவை யாரும் காசுக்கு அழிக்க முடியாது. தவறான பதிவைத் திருத்த யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் லயத்தில் ஒருவர் 600 வெள்ளியும் அடையாள அட்டை நகலும் கொடுத்தார். 600 வெள்ளி போனதைவிட, அந்த நகலை வைத்து யார் என்ன கடன் எடுப்பார்களோ என்ற பயத்தில்தான் அவர் ஒவ்வொரு மாதமும் தன் அறிக்கையைப் பதிவிறக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்ப்பது நல்லதுதான்.

வங்கி பதிலே சொல்லாவிட்டால், அல்லது தவறை ஒப்புக்கொள்ள மறுத்தால், முத்திரை குத்திய பிரதியோடு பேங்க் நெகாராவின் மேலே சொன்ன எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். தவறாக வசூலித்த தாமதக் கட்டணம் போன்ற பணத் தகராறு என்றால் வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான தகராறைத் தீர்க்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையிடம் போகலாம். முன்பு ‘ஓஎஃப்எஸ்’ என்று அறியப்பட்ட அந்த அமைப்பு 2025 ஜனவரி 1 முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. வங்கியின் இறுதி முடிவு கிடைத்து ஆறு மாதத்துக்குள் அங்கே போக வேண்டும் என்பதால், முடிவுக் கடிதம் வந்த உறையையும் தேதி தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்தம் ஆகிவிட்டது என்று கடிதம் வந்ததும் அடுத்த மாத நடுவில் புதிய அறிக்கையை எடுத்து, பழைய தாளின் பக்கத்தில் வைத்துப் பன்னிரண்டு கட்டங்களையும் ஒப்பிடுங்கள். அதற்கடுத்த மாதமும் ஒருமுறை எடுங்கள். என்னுடையதில் டிசம்பரில் ஆறு கட்டங்களும் சுத்தமாயின. ஜனவரியில் பார்த்தபோது அந்த 23 வெள்ளி 60 காசு ஒரு கட்டத்தில் 1 ஆகத் திரும்பி வந்திருந்தது. அந்த முறை நான் திங்கட்கிழமை காலையில், புகார் எண்ணோடு போனேன்.